ஒன்பது புள்ளி ஒன்பது ஒன்பது

ஒட்டுக்காரருக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. பொருத்தமான பெயர்தான். ஆற்று நீர்மட்ட எச்சரிக்கைத் துறையில் பத்தொன்பது வருஷமாக அவர் பார்த்த வேலை ஒன்றே ஒன்று: பழைய லைப்ரரி எங்கெல்லாம் கிழிகிறதோ அங்கெல்லாம் ஒட்டுப் போடுவது.

லைப்ரரி என்றால் இங்கே புத்தக அலமாரி இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருப்பது. மற்ற புரோகிராம்கள் எல்லாம் தங்களால் ஆகாத வேலைக்கு இதைத்தான் கூப்பிடும். ஆற்றில் நட்ட அளவுக் கம்பம் அனுப்புவதை வாங்கி, மீட்டராக மாற்றி, தெருமுனைப் பலகைகளில் எண்ணாகக் காட்டி, எண் எல்லையைத் தொட்டால் ஊருக்கே கேட்கிற மாதிரி சைரனை அலறவிடுவது வரை அத்தனையும் அதன் தலையில். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் எழுதினான். எழுதிய கையோடு வேலையை விட்டுப் போய்விட்டான். அது ஓடுகிற கம்ப்யூட்டரைச் செய்த கம்பெனியையும் மூடியாயிற்று. அதை எழுதிய மொழியைப் படிக்கத் தெரிந்தவர் துறையில் ஒட்டுக்காரர் ஒருவர்தான். அதனால் அவருக்கு விடுப்பும் கிடையாது, பதவி உயர்வும் கிடையாது. இந்த ஆளை மேலே அனுப்பிவிட்டால் கீழே யார் பார்ப்பது என்று கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தானே.

போன வருஷ மழைக்கு முன்னால் கம்பப் பிரிவுக்காரர்கள் அளவுக் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றின் ஆழமான இடத்தில் நட்டார்கள். புதிய இடம் இரண்டு மீட்டர் பள்ளம். அதே தண்ணீர் இனிமேல் இரண்டு மீட்டர் கூடுதலாகக் காட்டும். ஆகவே, எட்டு மீட்டரில் அடித்துக்கொண்டிருந்த சைரன் இனி பத்தில் அடிக்க வேண்டும் என்று இயக்குநர் கையெழுத்துடன் சுற்றறிக்கை வந்தது. ஒட்டுக்காரர் எட்டை அழித்துப் பத்து என்று அடித்தார். டீ குடிக்கப் போனார். அந்த டீக்காக இன்றைக்கும் தன்னைத் திட்டிக்கொள்வார்.

மழை முடிந்து, பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டுவது என்று முடிவானது. லைப்ரரியைப் புதுக் கம்ப்யூட்டருக்கு எப்படிக் கொண்டுபோவது? வழி இரண்டு. இருப்பதை வரிக்கு வரி அப்படியே புது மொழிக்குப் பெயர்ப்பது ஒன்று. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுவது இன்னொன்று. இரண்டுமே நல்ல வழிதான், எதை எடுத்திருந்தாலும் ஆறு மாதத்தில் முடிந்திருக்கும். துறை மூன்றாவது வழியை எடுத்தது. குழு போட்டது.

குழுவின் முதல் கூட்டத்தில் முதல் தீர்மானம் வந்தது: முடிவு வரும்வரை லைப்ரரியில் ஒரு எழுத்தைக்கூட யாரும் தொடக்கூடாது. ஆராய்ச்சிக்கு வைத்த பொருள் ஆராய்கிறபோதே மாறினால் எதைத்தான் ஆராய்வது? கம்ப்யூட்டர் அறையில் விசைப்பலகையைத் துணியால் சுற்றி அரக்கு முத்திரை வைத்தார்கள். பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவலாளி ஒருவரை உட்கார வைத்தார்கள். அவர் கழுத்தில் ஒரு விசில், மடியில் ஒரு பதிவேடு. யார் வந்தாலும் பெயர், நேரம், 'தொட்டாரா, பார்த்தாரா' என்று எழுதிக்கொள்ள வேண்டும். எட்டு மாதமாக ஒட்டுக்காரர் பெயர் மட்டும்தான் அதில் இருந்தது. எல்லா வரியிலும் 'பார்த்தார்'.

வேலை இல்லாதவர் என்ன செய்வார்? தொடக்கூடாது என்றுதானே சொன்னார்கள், ஒரு நகல் எடுத்து மேஜையில் வைத்துப் பார்த்தால் என்ன என்று நினைத்தார். நகலுக்குள் பொய் அளவுகளைப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார். எட்டரை போட்டார், எட்டரை காட்டியது. ஒன்பது புள்ளி ஒன்பது ஒன்பது போட்டார், அப்படியே காட்டியது. பத்து போட்டார்.

பூஜ்யம் காட்டியது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பத்து புள்ளி நான்கு போட்டார். பூஜ்யம் புள்ளி நான்கு. சைரன் விளக்கு எரியவில்லை.

விஷயம் சின்னது. எழுதினவன் அளவுக்கு மூன்றே இடம் ஒதுக்கியிருந்தான், புள்ளிக்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. அவன் காலத்தில் ஆறு எட்டைத் தாண்டினதில்லை. ஒன்பது தொண்ணூற்றொன்பதுக்கு அப்புறம் அது திரும்பவும் பூஜ்யத்திலிருந்து எண்ணும். சைரன் பத்தில் அடிக்க வேண்டும், லைப்ரரிக்கோ பத்தே தெரியாது. ஆக, சைரன் எந்த ஜென்மத்திலும் அடிக்காது.

ஒட்டுக்காரருக்கு உடனே மனதில் வந்தது மாப்பிள்ளையின் கால்கள்.

தங்கையின் புருஷன் கொத்தனார். நாலு வருஷத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. படி ஏற முடியாதென்று கீழ்த்தள வீடாகப் பார்த்தார்கள், கிடைத்தது ஆற்றை ஒட்டிய கரைத்தெருவில். தங்கை தயங்கினாள். "சும்மா பயப்படாத. தண்ணி தெருவுக்கு வர்றதுக்கு நாப்பது நிமிஷம் முன்னாடியே சைரன் அடிச்சிடும். சைரன் யார் கையில இருக்கு? உங்க அண்ணன் கையில" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னது இவர்தான். மாப்பிள்ளையை மாடிக்குத் தூக்க நாலு ஆள் வேண்டும். நாற்பது நிமிஷத்தில் நாலு ஆள் கிடைக்கமாட்டார்களா என்பது கணக்கு.

அன்று சாயங்காலம் அங்கே போனார். மாப்பிள்ளை வழக்கம்போல ஆரம்பித்தார்.

"வாங்க மச்சான். சைரன் சௌக்கியமா?"

எப்போதும் "உங்க ஆசீர்வாதம்" என்பார். அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"என்ன மச்சான், ஒரு மாதிரி இருக்கீங்க? சைரனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

"போன மழையில தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு மாப்பிள்ளை?"

"தெருமுனைச் சாக்கடை வாய் வரைக்கும் வந்துச்சே! உங்க பலகை என்னடான்னா பூஜ்யம்னு காட்டிட்டு நின்னுச்சு. நாங்க எல்லாம் சிரிச்சோம்."

தங்கை காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அண்ணன் முகத்தையே பார்த்தாள். "அண்ணே, பயப்படற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லிடு. வீட்டை மாத்திக்கிறோம்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு வரி. பத்து நிமிஷ வேலை. நாளைக்கே முடிச்சிடறேன்" என்றார். பாவம், அவரும் அப்படித்தான் நம்பினார்.

குழுவில் மூன்று பேர் முக்கியம். பெயர்க்கத்தான் வேண்டும் என்கிற துணை இயக்குநர். புதிதாகத்தான் எழுத வேண்டும் என்கிற ஆலோசகர் அம்மாள். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டுகிற இயக்குநர். ஒட்டுக்காரர் எழுந்து நின்று பத்தையும் பூஜ்யத்தையும் விளக்கினார். சொல்லி முடித்ததும் ஆலோசகர் அம்மாள் கண்களில் தண்ணீர்.

"எட்டு மாசமா நான் தொண்டை கிழியச் சொல்லிட்டிருக்கேன், இந்த லைப்ரரி அழுகிப்போச்சுன்னு. இப்ப பாத்தீங்களா? இதைவிடப் பெரிய சான்று வேணுமா?"

ஒட்டுக்காரருக்கு உயிர் வந்தது. "ரொம்ப நன்றிங்க மேடம். அப்ப இன்னைக்கே திருத்திடட்டுமா?"

"திருத்தறதா!" அம்மாள் பதறிப்போனார். "திருத்திட்டா அப்புறம் நான் எதைக் காட்டுவேன்? வராது வராதுன்னு இருந்து இப்பத்தான் ஒரு நல்ல பிழை கிடைச்சிருக்கு. அதைப் பத்திரமா வெச்சுக்கணும் சார்."

துணை இயக்குநர் மேஜையைத் தட்டினார். "முதல்ல அதைப் பிழைன்னு சொல்றதை நான் ஆட்சேபிக்கிறேன். அது லைப்ரரியோட குணம். இருபத்திரண்டு வருஷமா ஒரு குணத்தோட இருக்கு. பெயர்க்கறதுன்னா விசுவாசம் வேணும். மூலத்துல என்ன இருக்கோ அது அப்படியே வரணும். இவர் பாட்டுக்கு நடுவுல திருத்திட்டா நான் எந்த மூலத்தைப் பெயர்க்கறது? பத்து பூஜ்யமானா, புதுக் கம்ப்யூட்டர்லயும் பத்து பூஜ்யம்தான் ஆகணும். அப்பத்தான் நாங்க ஒழுங்கா வேலை பாத்தோம்னு அர்த்தம்."

"ஆனா ஜனங்க..." என்றார் ஒட்டுக்காரர்.

"ஜனங்க விஷயம் இந்தக் குழுவோட வரம்புல இல்ல" என்றார் இயக்குநர், மிகவும் அன்பாக.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் இப்படி எழுதினார்கள்: இரு தரப்பும் முதன்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. மேற்படி தன்மைக்குச் 'சான்று எண் ஒன்று' எனப் பெயரிடப்பட்டுத் தகுந்த பாதுகாப்பு அளிக்கப்படும். அன்று பிற்பகலே அரக்கு முத்திரைமேல் இரண்டாவது முத்திரை விழுந்தது.

ஒட்டுக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. அடுத்த வாரம் இன்னொரு யோசனையோடு போனார். லைப்ரரியைத் தொடவேண்டாம், சைரன் எல்லையை மட்டும் பத்திலிருந்து ஒன்பது தொண்ணூறு ஆக்கலாமே? ஆக்கலாம்தான், ஆனால் சுற்றறிக்கையில் பத்து என்று இருக்கிறது. சுற்றறிக்கையை மாற்ற வேண்டுமென்றால் அதில் தப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் போட்டது இயக்குநர். அந்த யோசனை அத்தோடு செத்தது.

சரி, அவசரம் என்றால் சைரனைக் கையால் அடிக்கிற கைப்பிடி ஒன்று இருந்ததே? இருக்கிறது, எங்கும் போய்விடவில்லை. சைரன் தானாக அடிக்க ஆரம்பித்த ஆண்டில் அதைக் கழற்றிப் பாலிஷ் போட்டு, இயக்குநர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கீழே ஒரு தகடு: 'நாம் கடந்து வந்த பாதை'.

மூன்றாவது கூட்டத்துக்குத் துணை இயக்குநர் சுவர் நீளத்துக்கு ஒரு வரைபடம் கொண்டுவந்தார். இருபத்திரண்டு வருஷ நீர்மட்டம். கையில் ஒரு குச்சி.

"பாருங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது ஆறு பத்தைத் தொட்டிருக்கா? இல்ல. இருபத்திரண்டு வருஷத்துல பத்துங்கிற எண் நம்ம பதிவுல ஒரு தடவைகூட வரல. வராத எண்ணுக்கு இவர் வைத்தியம் பாக்கணும்கிறார்."

"சார், பதிவு பண்றதே அந்த லைப்ரரிதான். அதுக்குப் பத்து எழுதத் தெரியாது. அப்புறம் எப்படி சார் வரும்?"

"தெரியாததை அது எழுதலேன்னா, அதோட நேர்மையைத்தான் காட்டுது."

ஒட்டுக்காரர் விடவில்லை. எழுந்து போய்ப் போன வருஷ மழையில் ஒரு நாளைத் தொட்டுக் காட்டினார். கோடு ஒன்பது தொண்ணூற்றொன்பதிலிருந்து நெட்டுக்குத்தாகப் பூஜ்யத்துக்கு விழுந்து, மூன்று மணி நேரம் தரையில் கிடந்து, திரும்ப ஒன்பது தொண்ணூற்றொன்பதுக்குத் தாவியிருந்தது. "இது என்ன சார்? கொட்டற மழையில ஆறு ஒரு நிமிஷத்துல வத்திப்போச்சா? அன்னைக்குக் கரைத்தெரு சாக்கடை வரைக்கும் தண்ணி வந்திருக்கு."

இயக்குநர் முகம் மலர்ந்தது. "அந்த நாளா? அதை மறக்க முடியுமா! நீர்மட்டத்தை மிகக் குறைந்த நேரத்தில் கட்டுக்குள் கொண்டுவந்த துறைன்னு நமக்கு விருது வந்ததே அந்த நாளுக்குத்தான்." அவர் விரல் காட்டிய திசையில் சுவரில் அது தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய எழுத்தில் 0.04 என்று பொறித்திருந்தார்கள். அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தட்டாதவர் ஒருவர்தான். ஆலோசகர் அம்மாளும் தட்டினார், விருதில் அவர் பெயரும் இருந்தது.

கடைசியில் வாக்கெடுப்பு. பெயர்ப்பதற்கு ஆறு, புதிதாக எழுதுவதற்கு ஆறு. இயக்குநர் ஒரு வாக்குப் போட்டால் முடிந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"நான் இந்த நாற்காலிக்கு வந்து பதினொரு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு தப்பான முடிவு எடுத்தேன்னு யாரும் என்னைக் கைநீட்டிச் சொல்ல முடியாது. ஏன்னா, நான் முடிவே எடுத்ததில்ல. அந்தப் பேரை இந்தக் கடைசி காலத்துல கெடுத்துக்க விரும்பல. தவிர, மழை வரப்போகுது. மழைக்காலத்துல எல்லாருக்கும் மனசு பதட்டமா இருக்கும். பதட்டத்துல முடிவு எடுக்கக் கூடாது. மழை முடியட்டும், நிதானமா உக்காந்து பேசுவோம்."

மழை முடியட்டுமாம். வெள்ளத்துக்கு எச்சரிக்கை தருகிற துறை! ஒட்டுக்காரர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

அன்றே தங்கை வீட்டுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவள் கத்தவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "சரி, வேற வீடு பாக்கிறோம்" என்று மட்டும் சொன்னாள். மழையில் கீழ்த்தள வீடு எங்கே கிடைக்கும்? மாடி வீட்டுக்காரர்கள், "தண்ணி வந்தா தாராளமா மேல கொண்டாங்க, பலகையைப் பாத்துக்கிட்டே இருங்க" என்றார்கள். நல்ல மனிதர்கள்.

அதிலிருந்து பதினேழாவது நாள் காலை. மேற்கே மூன்று நாளாக விடாத மழை. பலகை 9.60 காட்டியது. குழு அவசரமாகக் கூடியது, லைப்ரரிக்காக இல்லை. விருதுக்கு இந்த வருஷமும் விண்ணப்பிக்கக் கடைசி நாள் அன்றைக்கு. கூட்ட அறைச் சுவரில் நீர்மட்டம் நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு 9.97. 9.98. இயக்குநர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். 9.99.

0.00.

"அப்பாடா!" என்றார் இயக்குநர். நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். வெளியே ஆற்றின் இரைச்சல் கேட்டது. யாரோ எழுந்து போய் அதை மூடினார்கள்.

ஒட்டுக்காரர் அதற்குள் தாழ்வாரத்தில் போனைக் காதில் வைத்திருந்தார்.

"தூக்கு! இப்பவே மாடிக்குத் தூக்கு!"

"யாரை வெச்சுண்ணே தூக்கறது?" என்றாள் தங்கை. "எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லார் கதவையும் தட்டிட்டேன். பலகை பூஜ்யம் காட்டுதேம்மா, சைரன் அடிக்கலையேம்மா, எதுக்கு இந்த ஆட்டம்னு கேக்கறாங்க. அடிச்சா வர்றாங்களாம்."

"நான் சொன்னேன்னு சொல்லு!"

"சொன்னேன். நீ சொன்னதத்தான் அவங்களும் சொல்றாங்க. சைரன் இருக்கு பயப்படாதன்னு."

போனை அணைக்காமலே ஓடினார். ஐம்பத்துமூன்று வயதில் மூன்று மாடி இறங்கினார். கம்ப்யூட்டர் அறையில் காவலாளி பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"தொடப் போறீங்களா சார், பாக்கப் போறீங்களா?"

"தொடப் போறேன்."

காவலாளி எழுந்து குறுக்கே நின்றார். "வேண்டாம் சார். முத்திரை கிழிஞ்சா என் வேலை போயிடும். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க சார் எனக்கு."

"புள்ளைங்க இப்ப எங்க இருக்கு?"

"ஸ்கூல் லீவு. வீட்டுலதான்."

"வீடு எங்க?"

காவலாளி அறையின் மூலையில் இருந்த சின்னத் திரையைப் பார்த்தார். 0.09. ஒட்டுக்காரர் தலையாட்டினார். "அது பத்து புள்ளி பூஜ்யம் ஒன்பது. வீடு எங்கன்னு கேட்டேன்."

"கரைத்தெரு" என்றார் காவலாளி.

காவலாளி தன் நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, உட்கார்ந்து, பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "வர்றவங்களை எழுதறதுதான் சார் எனக்குச் சொன்ன வேலை. இப்ப சுவருதான் தெரியுது. சுவரு எங்கயும் வரல."

அரக்கு பொடிப்பொடியாக உதிர்ந்தது. பத்து நிமிஷ வேலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், ஏழு நிமிஷத்தில் முடித்தார். கடைசிச் சாவியைத் தட்டியதும் சின்னத் திரை ஒரு முறை இமைத்தது. 10.17. அடுத்த நொடி ஊரின் நாலு மூலையிலிருந்தும் சைரன் எழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் தரையிலேயே உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதார். வெட்கமே படவில்லை. காவலாளி சுவரைப் பார்த்தபடியே மூக்கைச் சிந்தினார்.

கரைத்தெருவில் நாலு ஆள் என்ன, ஏழு ஆள் ஓடிவந்தார்கள். மாப்பிள்ளையைப் பாயோடு சுருட்டித் தூக்கினார்கள். "பாத்து, பாத்து, பழைய கொத்தனார், சரிஞ்சா சுவரும் சேந்து சரியும்" என்று அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே மாடிக்குப் போனார். காவலாளியின் பிள்ளைகளும் அதே மாடியில். பன்னிரண்டரைக்குத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. ஒரு உயிர் போகவில்லை.

விசாரணை நாலாம் நாள் ஆரம்பித்தது.

குற்றச்சாட்டு எளிமையானது. அதிகாரப்பூர்வ நீர்மட்டம் 0.16 ஆக இருந்தபோது சைரன் ஒலிக்கச் செய்து பொதுமக்களைப் பீதிக்குள்ளாக்கியது. அதற்குப் பின் பலகை காட்டிய 10.17, 10.50, 10.82 முதலிய எண்கள் அனுமதியின்றித் தொடப்பட்ட லைப்ரரியிலிருந்து வந்தவை என்பதால் செல்லாது.

"சார், தெருவுல இடுப்பளவு தண்ணி நின்னுச்சு. நீங்களே படகுல வந்து பாத்தீங்க" என்றார் ஒட்டுக்காரர்.

"பாத்தேன்" என்றார் இயக்குநர். "தண்ணி நின்னது உண்மை. அது ஆத்துத் தண்ணின்னு யார் சொன்னாங்க? ஆறு அன்னைக்குப் பூஜ்யத்துல இருந்திருக்கு. இல்லாத தண்ணி எப்படிய்யா கரை தாண்டும்? வேற ஏதாவது துறையோட தண்ணியா இருக்கும்."

ஆலோசகர் அம்மாள் எழுந்தார். "எட்டு மாச உழைப்பு சார். என்கிட்ட இருந்த ஒரே சான்றை அழிச்சிட்டார். இனிமே இந்த லைப்ரரியில என்ன குறைன்னு நான் யார்கிட்டப் போய்ச் சொல்வேன்?"

"மூலம் கெட்டுப்போச்சு" என்றார் துணை இயக்குநர். "விசுவாசமாப் பெயர்க்க இனிமே என்ன இருக்கு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சான்று எண் ஒன்றைப் பழைய நிலைக்கே மீட்பது என்று தீர்மானம் வந்தது. பதின்மூன்று வாக்கு ஆதரவு, எதிர்ப்பு இல்லை. இயக்குநர்கூடக் கை தூக்கினார், பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக. எல்லாம் முடியப் பத்து நிமிஷம் ஆயிற்று. எப்படி மீட்பது என்கிற கவலையும் இல்லை, ஒட்டுக்காரர் மேஜையிலேயே ஒரு நகல் இருந்தது. உறைமேல் அவர் கையெழுத்திலேயே குறிப்பும் இருந்தது: 'பத்து போட்டால் பூஜ்யம் வருகிறது. அவசரம்.' அது போதுமென்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒட்டுக்காரரை வேலையை விட்டு அனுப்பினார்கள். காவலாளியையும் அனுப்பினார்கள், பணி நேரத்தில் சுவரைப் பார்த்த காரணத்துக்காக. சீருடையைத் திருப்பி வாங்கிக்கொண்டவர்கள் விசிலைக் கேட்க மறந்துவிட்டார்கள்.

இப்போது மழை பெய்கிற நாளில் இரண்டு பேரும் கரைத்தெரு வீட்டு வாசற்படியில்தான் உட்கார்ந்திருப்பார்கள். தெருமுனைப் பலகை அங்கிருந்து நன்றாகத் தெரியும். மாப்பிள்ளை உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

"மச்சான், சைரன் சௌக்கியமா?"

"இங்கதான் படியில உக்காந்து டீ குடிக்குது மாப்பிள்ளை."

தங்கை சிரிப்பாள். இரண்டு வாரத்துக்கு முன்னால்கூடச் சிரித்தாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை. மேற்கே நாலு நாளாக மழை. காலையிலிருந்தே மாப்பிள்ளையைப் பாயில் கிடத்தி, பாயின் நாலு மூலையிலும் கயிறு கட்டி வைத்திருந்தாள்.

பலகை 9.98 என்றது. தெரு முழுக்க வாசலில் நின்றது. ஆனால் யாரும் பலகையைப் பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரைப் பார்த்தார்கள்.

9.99.

தெருவுக்கு அப்பால் பெரிய சாலையிலும் பலகை உண்டு. அங்கேயும் ஜனங்கள் குடையோடு நின்றுகொண்டிருந்தார்கள். எண் மாறியது. "இறங்கிடுச்சுப்பா!" என்று அங்கே யாரோ கத்துவது இங்கே வரை கேட்டது. குடைகள் ஒவ்வொன்றாகக் கலைந்து வீடுகளுக்குள் போயின.

"ஊதுங்க" என்றார் ஒட்டுக்காரர்.

காவலாளி மூச்சை இழுத்துப் பிடித்து ஊதினார். கரைத்தெரு ஓட ஆரம்பித்தது. ஏழு பேர் வந்து கயிற்றைப் பிடித்தார்கள். அவர் ஊதிக்கொண்டே இருந்தார், கழுத்து நரம்பு புடைக்க, முகம் கறுக்க. ஒட்டுக்காரர் பெரிய சாலையைப் பார்த்தபடி நின்றார். அந்த விசில் ஒரு தெருவுக்குக் கேட்கும். ஊரில் மொத்தம் நாற்பத்தொரு தெருக்கள்.